வெட்டக் கூடாத வளையல்

மனிதனின் விரல்களுக்குள் அவற்றை மடக்கவோ நீட்டவோ சதை கிடையாது. எலும்பு இருக்கிறது, தோல் இருக்கிறது, நடுவில் கயிறு மாதிரி தசைநாண்கள் ஓடுகின்றன. அந்தக் கயிறுகளை இழுக்கிற சதையெல்லாம் மேலே, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நம்பாவிட்டால் இடது கையால் உங்கள் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். பிடித்திருக்கும் கைக்குள் ஏதோ புரளும். இதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அத்தையிடம் எடுபட்டிருக்காது. அத்தையிடம் எதுவும் எடுபடாது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு அடுத்த புளோக்கில் இருக்கிறாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அவள் கையில் வளையல்களை அடுக்கி, ஊர் பார்க்க உடைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான் எல்லாரும் அவளை மன்னிக்கச் சொல்வார்கள். பாவம்லா, அவங்க பட்ட கஷ்டம் அப்படி என்பார்கள். நானும் பல தடவை மன்னித்துப் பார்த்தேன், வரவில்லை.

அம்மாவின் கல்யாணத்துக்கு அந்தத் தங்க வளையலை வாங்கியது அத்தைதான். கெட்டி வளையல். திருகு கிடையாது, கொக்கி கிடையாது, ஒரே வட்டம். அம்மாவின் கைக்கு அது சின்னது என்று கடையில் வைத்தே தெரிந்திருக்கிறது. "பெருசா வாங்கினா கழண்டு விழுந்துரும். இது கடைசி வரைக்கும் கழலாது" என்று சொல்லி அதையே வாங்கி வந்திருக்கிறாள். கல்யாணத்தன்று ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, அம்மாவின் வலது கையை அதில் முக்கி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் அழுத்தி மடக்கி, அந்த வளையலை ஏற்றியிருக்கிறாள்.

வளையல் போடும்போது எங்கே சிக்கும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். உள்ளங்கையில் வரிசையாக நான்கு நீள எலும்புகள் கிடக்கின்றன. அவை விரலோடு சேரும் இடம்தான் முட்டி. அந்த நான்கு முட்டிகளையும் யாராலும் குறுக்க முடியாது. குறுகக் கூடியது கட்டைவிரல் மட்டும். அதன் எலும்பு அடியிலிருந்தே திரும்பி உள்ளே மடங்கும். அதன் கீழே இருக்கும் சதை மேடு பிதுங்கி வழிவிடும். அந்த மேட்டுத் தோல் உரிந்துதான் வளையல் உள்ளே போனது என்று அம்மா சொல்லுவாள். சொல்லிவிட்டு, "போட்டோவுல சிரிச்சிருக்கேன் பாரு" என்று ஆல்பத்தைக் காட்டுவாள். உண்மைதான், சிரித்திருப்பாள்.

அதற்குப் பிறகு அந்த வளையல் கழலவே இல்லை. அம்மா வீட்டிலேயே சேலை பிளவுஸ் தைப்பாள். ஜெலுத்தோங்கில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்தாள். அளவு எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலைத் துணியில் வைத்தால் நிறுத்தாமல் கழுத்து வளைவு முழுக்க ஒரே ஓட்டமாக வெட்டுவாள். வெட்டும்போது வளையல் மேசையில் உரசும் என்பதால் அதை முன்கையில் மேலே தள்ளிவிட்டுக்கொள்வாள். சதைப்பிடிப்பான இடத்தில் போய் அது இறுக்கி நின்றுகொள்ளும். மீன் கழுவும்போது, மாவு பிசையும்போது, பாசாருக்குப் பை தூக்கிக்கொண்டு போகும்போதும் அதே பழக்கம். சாயங்காலம் அதைக் கீழே இறக்கினால் முன்கையில் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் நான் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன்.

அன்றைக்கும் வளையல் மேலேதான் இருந்தது. ஜெலுத்தோங் பாசாரில் மீன் விற்கிற இடத்தில் தரை எப்போதும் ஈரம். அம்மாவின் செருப்பு வழுக்கியது. விழுகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வலது கையைத் தரையில் ஊன்றினாள். முன்கையில் இரண்டு எலும்புகள், கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இரண்டும் ஒடிந்தன.

எனக்கு அப்போது கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சரக்கு அறையில் கிளார்க். அப்பா போன் பண்ணி, "உங்கம்மா விழுந்துட்டா, கிளினிக்குல இருக்கோம், வந்து சேரு" என்றார். ஏதோ நான் தள்ளிவிட்ட மாதிரி. பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி, கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். வளையலுக்கு இரண்டு பக்கமும் சதை பொங்கி நின்றது. வளையலே பாதி மறைந்துவிட்டது.

டாக்டர் வயதான சீனப் பெண்மணி. அம்மாவின் நடுவிரலைப் பிடித்து லேசாக நீட்டினார். அம்மா போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒடிந்த இடத்தை அவர் தொடவே இல்லை. விரலைத்தான் தொட்டார்.

"எலும்பு ஒடிஞ்சது எனக்குக் கவலையில்ல" என்று மலாயில் சொன்னார். "எலும்பு சேர்ந்துரும். முன்கைச் சதை மேல விரியாத உறை ஒண்ணு இருக்கு. உள்ள வீங்கினா அந்த உறை இடம் கொடுக்காது. ரத்தம் போக வழியில்லாம சதை செத்துரும். அதுக்கு மேல இந்த வளையல் வேற இறுக்குது. முதல்ல இத வெட்டணும். என்கிட்ட வெட்டற கருவி இருக்கு, இங்கயே வெட்டிடறேன். உடனே ஹாஸ்பிட்டல் போங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தும் விட்டார். சின்னதாக ஒரு பல் சக்கரம் வைத்த இடுக்கி. மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக வைத்திருந்தாராம்.

கூட வந்திருந்த அத்தை எழுந்து அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றாள்.

"சுமங்கலி கையில இருக்கற வளையல வெட்டக் கூடாது."

"அத்தை, கையே போயிரும்னு சொல்றாங்க."

"பொம்பளப் புள்ள நீ, சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்? வளையல வெட்டறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். என் கையில பண்ணியிருக்காங்க. வெட்டினா என் தம்பிக்கு ஆகாது. கழட்டறதுன்னா முழுசா கழட்டுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்லியிருந்தால் போதும். வெட்டுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. துறைமுகத்தில் லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். வீட்டில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிடத் தெரியும், மெஷின் சத்தம் கேட்டால் டிவி கேட்கவில்லை என்று அதட்டத் தெரியும். வெட்டச் சொல்ல மட்டும் தெரியவில்லை. "அக்கா சொல்றதும் சரிதானே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அவருக்குப் பயம். தன் உயிர் அந்த வளையலில் இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டாள், அவரும் நம்பிவிட்டார். பெண்டாட்டி கை பெரிதா, தன் உயிர் பெரிதா?

அம்மாவிடம் குனிந்து கேட்டேன். "நீ சொல்லும்மா. உன் கை. நீ சொன்னா இப்பவே வெட்டிடுவாங்க."

அம்மா அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னை. "வேணாம்மா. நாளைக்கு அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க."

அவளுக்கு அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று யாராவது நினைத்தால், அது இல்லை. பழி விழுமே என்றுதான் பயந்தாள். இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பழி விழும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நோயாளியே வேண்டாம் என்கிறபோது அவர் என்ன செய்வார்? "இன்னிக்கே ஹாஸ்பிட்டல் போங்க. இன்னிக்கே" என்று என்னிடம் சொன்னார். அத்தை விடவில்லை. ஹாஸ்பிட்டலுக்குப் போனால் கேட்காமலே வெட்டிவிடுவார்கள், முதலில் வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டுக் கழற்றிவிட்டு அப்புறம் போகலாம் என்றாள். அப்பா காரை எடுத்தார். அம்மா தானாகவே ஏறி உட்கார்ந்தாள். நான் தெருவில் நின்று கத்தினேன். காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

வீட்டில் நடந்ததை எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அத்தை நல்லவளாகிவிடுவாள்.

அம்மாவைத் தையல் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அதே கிண்ணம், அதே சோப்புத் தண்ணீர். அது சரிப்படவில்லை என்று தேங்காய் எண்ணெய். அதுவும் சரிப்படவில்லை என்று அம்மாவின் தையல் நூலையே எடுத்து, வீக்கத்தை அமுக்குவதற்காக முன்கையில் நெருக்கமாகச் சுற்றினாள் அத்தை. ஒடிந்த எலும்பின் மேல். அப்பா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை வளையலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அம்மா ஒரு பிளவுஸ் துணியை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். யாரோ தைக்கக் கொடுத்த துணி, மாம்பழ மஞ்சள்.

"கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க, இதோ வந்துருச்சு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். வரவில்லை. ஒரு நூல் அகலம்கூட நகரவில்லை. நான் அத்தையின் தோளைப் பிடித்து இழுத்தேன். அம்மா துணியைத் துப்பிவிட்டு என்னைத்தான் அதட்டினாள். "விடு. அவங்கள தொடாத." நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் நின்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா, "வலி கொறஞ்சிருக்கு" என்றாள்.

அத்தை சாமி மாடத்திலிருந்து திருநீறு எடுத்து வந்து அம்மாவின் நெற்றியில் பூசினாள். "பாத்தியா. நாந்தான் சொன்னேன்ல. வெட்டு வெட்டுன்னு பறந்தீங்களே." அப்பா டிவியைப் போட்டார். ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் யாருக்கும் வராத நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தன. நகங்கள் நீலம் பூத்திருந்தன. மத்தியானம் டாக்டர் தொட்ட அதே நடுவிரலை நான் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

"அம்மா, தெரியுதா?"

"என்னது?" என்றாள்.

வலி குறையவில்லை. வலியைச் சொல்கிற நரம்பு அடங்கிவிட்டது. அப்போது எனக்கு அது தெரியாது. ஏதோ மோசம் என்பது மட்டும் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல் கிராப் டாக்ஸி கூப்பிட்டு, அவளைத் தூக்காத குறையாகக் கீழே இறக்கிக் கொண்டுபோனேன். அத்தை மாடிப்படி வரை வந்து, "அவனுக்கு ஏதாச்சும் ஆனா நீதான் பதில் சொல்லணும்" என்றாள். அம்மா காரில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருப்பாள்.

ஹாஸ்பிட்டலில் வளையலை வெட்ட அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கிளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை பாடு. அதன் பிறகு முன்கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாகப் பிளந்து திறந்துவிட்டார்கள். உறை திறந்ததும் உயிருள்ள சதையாக இருந்தால் ரத்தம் ஓடிச் சிவக்குமாம். மேலே இருந்த சதையில் கொஞ்சம் சிவந்தது. எலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கிற சதைதான் முதலில் சாகும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். விரல் நுனிகளை மடக்குவது அதுதான், கட்டைவிரலை மடக்குவதும் அதுதான். கத்தரிக்கோல் பிடிப்பதும் ஊசி பிடிப்பதும் அதை வைத்துத்தான். செத்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோலை எடுத்து மேலே போர்த்தினார்கள்.

வார்டுக்கு வந்த அத்தை அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வளையல் எங்க?" என்று கேட்டாள்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதை லிட்டில் இந்தியாவில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனாள். அம்மா வார்டை விட்டு வருவதற்குள் வளையல் வட்டமாகி, மெருகேறி, வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது. வெட்டிய இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியவில்லை. தங்கத்துக்கு அந்த வசதி உண்டு.

கைக்கு இல்லை. செத்த சதை மறுபடி சதையாகாது, தழும்பாகிச் சுருங்கும். கயிறு குட்டையாகிவிட்டால் அதன் நுனியில் கட்டியதெல்லாம் உள்ளே இழுபடும். மாதங்கள் போகப் போக அம்மாவின் விரல்கள் உள்ளே வளைந்து கொக்கியாகின. ஹாஸ்பிட்டலில் கைப்பயிற்சி கொடுக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே இருந்த மலாய்ப் பெண் சின்னவள், பொறுமைசாலி. பெலான், பெலான் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலையும் நீட்டுவாள். மெதுவாக என்று அர்த்தம். மெதுவாகச் செய்தாலும் அது வதைதான். அம்மா சுவரில் இருந்த கையெலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி எட்டு எலும்புகளைப் போட்டிருந்தார்கள். "இவ்ளோ இருந்தும் ஒண்ணும் உடையல பாரு, இங்க" என்றாள் ஒரு நாள்.

அந்தப் பெண்தான் ஒரு வித்தையைக் காட்டிக் கொடுத்தாள். மணிக்கட்டை மேலே நிமிர்த்தினால் அம்மாவின் விரல்கள் இறுகி மூடிக்கொள்ளும். மணிக்கட்டைக் கீழே மடக்கித் தொங்கவிட்டால் குட்டைக் கயிறு தளர்ந்து விரல்கள் தானாகத் திறக்கும். அதை வைத்து அம்மா ஒரு துண்டைப் பிடிக்கவும் விடவும் கற்றுக்கொண்டாள். பைப் பிடியை மாட்டிக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். கத்தரிக்கோல் மட்டும் வரவில்லை. ஒரு தடவை இடது கையால் முயன்றாள். கத்தரிக்கோலும் வலது கைக்காரர்களுக்குத்தான் செய்கிறார்கள், துணியை மடித்து மென்றது. அதை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் பிறகு தொடவில்லை. அந்த மாம்பழ மஞ்சள் பிளவுஸை அதன் சொந்தக்காரி தைக்காமலே வந்து வாங்கிக்கொண்டு போனாள். பல் பதிந்த இடத்தைப் பார்த்ததும் அது உள்ளே போகும்படி மடித்துக்கொண்டாள்.

அப்பா சும்மா இருந்தாரா? மெஷின் இடத்தை அடைக்கிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அம்மாவுக்குக் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். இடது கையால் பரிமாறினால் சாப்பிட மாட்டார். அது பீச்சாங்கை. அம்மா அந்தக் கையாலேயே அரிசி கழுவி, காய் நறுக்கி, குழம்பு வைத்திருப்பாள், அதெல்லாம் பரவாயில்லை. தட்டில் போடும்போது மட்டும் ஆகாது. நான் வேலை முடிந்து ஃபெர்ரி பிடித்து வந்து சேரும் வரை தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அம்மா ஏதோ பட்டினி போட்ட மாதிரி. ஒரு நாள் அத்தையும் சாப்பிட வந்திருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டே, "என் உசுரு இன்னும் இருக்குன்னா அன்னிக்கு அக்கா போராடினதுதான்லா காரணம்" என்றார். அத்தை தலையாட்டினாள். நான் கரண்டியைக் குழம்பில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அம்மா, "உக்காரு, சோறு ஆறுது" என்றாள்.

அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இலையில் இடது கையை வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருப்பாள். என்னைத் தவிர யாரையும் தொட விட மாட்டாள். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மேடு வற்றித் தட்டையாகிவிட்டது. முட்டிகளுக்கு நடுவே பள்ளம் விழுந்துவிட்டது. முன்கை என் சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்தால் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அத்தை வருகிறபோதெல்லாம் கேட்பாள். "கைதான் ஆறிருச்சே. அந்த வளையல எடுத்துப் போட்டுக்கயேன். சுமங்கலி இப்படி வெறுங்கையா இருக்கலாமா?"

"பாத்துக்கலாம் அண்ணி" என்பாள் அம்மா. அவ்வளவுதான் சொல்வாள். எனக்கு அவள் மேலும் கோபம் வரும். ஒரு தடவையாவது அந்த மனுஷியை நாலு கேள்வி கேட்கக் கூடாதா? வாயில் என்ன, அதையும் தைத்து வைத்திருக்கிறாளா?

போன வருஷம் ஒரு காலையில் அப்பா டிவிக்கு முன்னால் நாற்காலியிலேயே போய்விட்டார். மாரடைப்பு. வளையல் அலமாரியில் வட்டமாக, முழுசாக, மெருகு குலையாமல்தான் இருந்தது.

பிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. அத்தை பெட்டியின் தலைமாட்டில் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "அன்னிக்கே வெட்டினாங்களே. சுமங்கலி கை வளையல வெட்டினாங்களே. அன்னிக்கே சொன்னேன், என் தம்பிக்கு ஆகாதுன்னு. யாரு கேட்டா?"

கூட்டம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பழிக்குப் பயந்துதான் அவள் கையைக் கொடுத்தாள். கையும் போய், பழியும் வந்துவிட்டது. நான் எழுந்தேன். அம்மா இடது கையால் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

எடுக்கும் நேரம் வந்தது. முறை தெரிந்த பெண்கள் அம்மாவுக்குப் புதுச் சேலை சுற்றி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். இடது கையில் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். கடைசியாக ஒரு தடவை கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எடுப்பது புருஷன் இல்லாத பெண். எங்கள் குடும்பத்தில் அது அத்தை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் அந்தத் தங்க வளையல், மறு கையில் கிண்ணம். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர்.

"கல்யாணத்துல நான் போட்டது. இதையும் போட்டுத்தான் எடுக்கணும். வலது கையக் காட்டு" என்றாள்.

அம்மா தலைப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். எத்தனையோ மாதமாக என்னைத் தவிர யாரும் பார்க்காத கை. தொடைத் தோல் ஒட்டிய முன்கை, உள்ளே வளைந்த விரல்கள், எலும்புக்கு மேல் தோல் மட்டும். அத்தை கிண்ணத்தை முன்னால் நீட்டினாள்.

"சோப்பு வேணாம் அண்ணி" என்றாள் அம்மா.

அவள் மணிக்கட்டைக் கீழே மடக்கித் தொங்கவிட்டாள். கொக்கி விரல்கள் தானாகத் திறந்து நீண்டன. அத்தையின் கையிலிருந்து வளையலை இடது கையால் வாங்கி மாட்டினாள். கட்டைவிரலை யாரும் அழுத்தவில்லை, தோல் உரியவில்லை. வளையல் முட்டிகளைத் தாண்டி, மணிக்கட்டைத் தாண்டி, பழைய பள்ளம் இருந்த இடம் வரைக்கும் போனது. பள்ளம் விழ அங்கே சதை இல்லை.

பிறகு அம்மா அந்தக் கையை அப்படியே கீழே தொங்கவிட்டாள். வளையல் முன்கை நெடுகச் சரிந்து, கையைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு போய்ப் பெட்டியின் காலில் இடித்து நின்றது. எடுக்க யாரும் குனியவில்லை.

"வெட்ட வேணாம் அண்ணி. முழுசா கழண்டுருச்சு பாருங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிளவுஸ் அளவு சொல்கிற குரலில்தான் சொன்னாள். அத்தை கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். சோப்புத் தண்ணீர் அலம்பி அவள் சேலையில் கொட்டியது. அம்மா கண்ணாடி வளையல் போட்ட இடது கையை நீட்டினாள்.

"இதுல உள்ளத உடைங்க. வண்டி வந்துருச்சு, நேரமாகுது" என்றாள்.